ஆயிரம் டிசைன் பண்ணியும் பேர் இல்லையா? ஆன்லைன் போர்ட்ஃபோலியோவைச் சரியாக உருவாக்குவது எப்படி?

ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் சிவகாசியில் அடுத்த வருஷத்துக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகிவிடும். அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அச்சகங்களின் டிசைன் அறைகளில் வேலை சூடுபிடித்திருக்கும். முருகன் படத்துக்குப் பின்னணி மாற்றுவது, தேதித் தாளில் ராகு காலத்தையும் நல்ல நேரத்தையும் பொருத்துவது, ஜவுளிக்கடைக்காரர் கேட்ட அதே சிவப்பைக் கொண்டுவருவது என எல்லாம் ஒரு டிசைனர் கையால் நடப்பவை. ஜனவரியில் அந்தக் காலண்டர் வீட்டுச் சுவரில் தொங்கும்போது, அடியில் கடையின் பெயர் பெரிதாக இருக்கும். டிசைன் செய்தவர் பெயர் எங்கேயும் இருக்காது.

இதே டிசைனர் ஐந்து வருஷ அனுபவத்தோடு சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்துக்கோ, கோவையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கோ விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வரும் பதில் பெரும்பாலும் ஒரே வரிதான்: "போர்ட்ஃபோலியோ லிங்க் அனுப்புங்க."

போன் கேலரியில் இருக்கும் நாற்பது படங்களை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுகிறார்கள் சிலர். கூகுள் டிரைவ் ஃபோல்டரை அனுப்புகிறார்கள் சிலர். ஆனால் ஷேரிங் அமைப்பை மாற்றாததால், திறப்பவருக்கு "அனுமதி கேளுங்கள்" என்ற பக்கம்தான் வரும். அவர் அனுமதி கேட்டுவிட்டுக் காத்திருக்க மாட்டார். அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்.

வேலை தெரிந்தும், அதைக் காட்டத் தெரியாததால் வாய்ப்பு கைநழுவுவது டிசைன் துறையில் சாதாரணமாக நடக்கிறது. அதைத் தவிர்க்க என்ன செய்யணும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

போர்ட்ஃபோலியோ என்பது என்ன?

ரெஸ்யூமே என்பது நீங்கள் எங்கே படித்தீர்கள், எங்கே வேலை பார்த்தீர்கள் என்று சொல்வது. போர்ட்ஃபோலியோ, உங்களுக்கு என்ன செய்யத் தெரியும் என்று காட்டுவது. டிசைன் துறையில் இரண்டாவதுக்குத்தான் மதிப்பு அதிகம். டிகிரி இல்லாமல், அச்சகத்திலோ ஃப்ளெக்ஸ் கடையிலோ உட்கார்ந்து தொழில் கற்றவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு.

ஆனால் பலர் இதை கல்யாண ஆல்பம் மாதிரி நினைத்துவிடுகிறார்கள். எடுத்த படம் எல்லாம் உள்ளே போகணும் என்று ஆசை. பார்ப்பவர் உறவுக்காரர் அல்ல. பொறுமையாகப் புரட்ட அவருக்கு நேரம் கிடையாது. அவர் மனதில் இருப்பது இரண்டே கேள்விகள்: இவர் எப்படி யோசிக்கிறார்? இந்த வேலையில் இவர் செய்தது எது? இந்த இரண்டுக்கும் சீக்கிரம் பதில் கிடைக்கிற போர்ட்ஃபோலியோதான் நல்ல போர்ட்ஃபோலியோ.

எத்தனை வேலைகளை வைக்கலாம்?

கணக்கு எழுதி வைத்த விதி எதுவும் இல்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஐந்திலிருந்து எட்டு வரை போதும். இருநூறு செய்திருந்தாலும் அதிலிருந்து எட்டைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு டிசைன் வேலைதான். எதைச் சேர்க்கணும் என்பதைவிட எதை எடுக்கணும் என்று தெரிகிறதா என்பதையும் பார்ப்பவர் கவனிப்பார்.

தேர்ந்தெடுக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒவ்வொரு வேலையையும் பார்த்து, "நாளைக்கு இதே மாதிரி வேலையைக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வேனா?" என்று கேட்டுக்கொள்ளலாம். பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் செய்து சலித்துப்போனவர், போர்ட்ஃபோலியோ முழுக்க பிறந்தநாள் ஃப்ளெக்ஸை வைத்தால், தேடி வருவதும் அதே வேலைதான்.

வரிசையும் முக்கியம். ஆகச்சிறந்தது முதலில் வரட்டும். இரண்டாவது சிறந்ததைக் கடைசியில் வைக்கலாம். சுமாரான ஒன்று நடுவில் ஒளிந்திருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அதை எடுத்துவிடுவதே நல்லது.

படம் மட்டும் போதாதா?

இதற்கு நம் எல்லோர் கையிலும் இருக்கும் ஒரு உதாரணத்தைப் பார்க்கலாம்: ₹ சின்னம். தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் உருவாக்கிய இந்தச் சின்னத்தை, 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றது. 3,000-க்கும் அதிகமானவை வந்த போட்டியில், இறுதிச் சுற்றுக்குத் தேர்வான ஐந்தில் ஒன்று அது.

சின்னத்தை மட்டும் பார்த்தால் சில கோடுகள், ஒரு வளைவு. அவ்வளவுதான். ஆனால் அதன் பின்னால் இருக்கும் விளக்கத்தைக் கேட்டால் பார்வை மாறிவிடும். தேவநாகரியின் 'ர' எழுத்தையும், ரோமன் எழுத்தான 'ஆர்'-ஐயும் ஒன்றாகச் சேர்த்த வடிவம் அது. மேலே இருக்கும் இரண்டு கிடைக்கோடுகள் மூவர்ணக் கொடியையும், சமம் என்ற குறியையும் நினைவூட்டுகின்றன. ஒவ்வொரு கோடும் ஏன் அங்கே இருக்கிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது.

போர்ட்ஃபோலியோவில் ஒவ்வொரு வேலைக்கும் கீழே வரவேண்டியதும் இப்படிப்பட்ட காரணங்கள்தான். துறையில் இதை 'கேஸ் ஸ்டடி' என்பார்கள். பெயர்தான் பெரிது, நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதினாலே போதும். என்ன பிரச்சனை? என்ன கட்டுப்பாடு? நீங்கள் என்ன முடிவு எடுத்தீர்கள், ஏன்? கடைசியில் என்ன ஆனது?

கோவில்பட்டி கடலை மிட்டாய் பாக்கெட் ஒன்றை டிசைன் செய்தவர் அதைப் பற்றி எழுதுவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம்.

முதல் வகை: "கடலை மிட்டாய் பேக்கேஜிங். போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர்."

இரண்டாவது வகை: "பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கவிடும் பாக்கெட் இது. பழைய கவரில் எடையும் தயாரிப்புத் தேதியும் மடிப்புக்குள் மறைந்துவிடுகின்றன என்பது உரிமையாளரின் கவலை. இரண்டு நிறத்தில்தான் அச்சிட முடியும். அதனால் மிட்டாய் போட்டோவை எடுத்துவிட்டு, உள்ளே இருப்பது தெரியும்படி அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். தகவல்களை மடிப்புக்கு மேலே கொண்டுவந்தேன். லோகோ ஏற்கெனவே இருந்தது. எழுத்தும் லேஅவுட்டும் என்னுடையவை."

இரண்டாவதில் மொத்தமே ஏழு வாக்கியங்கள். ஆனால் படிப்பவருக்கு ஒரு ஆள் தெரிகிறார். அவர் எப்படி யோசிக்கிறார் என்பது தெரிகிறது. சாஃப்ட்வேர் பெயர் அதில் ஒரு இடத்தில்கூட வரவில்லை என்பதையும் கவனிக்கலாம்.

பென்சிலில் வரைந்த ஆரம்பக் கிறுக்கல், தள்ளிவிட்ட இரண்டு மாதிரிகள், அச்சான பாக்கெட்டைக் கடையில் வைத்து எடுத்த ஒரு போட்டோ ஆகியவற்றையும் சேர்த்தால் கதை முழுமையாகிவிடும். விற்பனை கூடியது என்று எழுத ஆசை வரும். கையில் கணக்கு இருந்தால் எழுதலாம். இல்லாவிட்டால் விட்டுவிடணும், நேர்காணலில் அதைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.

"எனக்கு கிளையன்ட் வேலையே இல்லையே, என்னத்தை வைக்க?"

படித்து முடித்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பதில்: சுயமாக ஒரு பிரச்சனையைத் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

ஊர் பேருந்து நிலையத்தில் யாருக்கும் புரியாத நேர அட்டவணைப் பலகை இருக்கிறதா? அதைப் படிக்கும்படி மாற்றிப் பார்க்கலாம். மகளிர் சுயஉதவிக் குழு போடும் ஊறுகாய்க்கு லேபிள், கிளை நூலகத்துக்கு அறிவிப்புப் பலகை, மின் கட்டணம் கட்டும் ஆப்பில் அம்மா எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து அந்தத் திரையைத் திருத்துவது என நிறைய இருக்கின்றன. பிரபல நிறுவனத்தின் லோகோவை மாற்றி வரைவதைவிட இப்படிப்பட்ட வேலைகளில் யோசிக்க அதிகம் உண்டு. ஏனென்றால் இங்கே பயன்படுத்துபவர் யார் என்று உங்களுக்குத் தெரியும்; அவரிடமே போய்க் கேட்கலாம்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. 'இது சுயமுயற்சி, கிளையன்ட் வேலை அல்ல' என்று தெளிவாக எழுதிவிடணும். பெரிய பிராண்டுக்கு வேலை பார்த்தது போல ஒரு தோற்றத்தை உண்டாக்கினால், ஒரே ஒரு போன் விசாரிப்பில் வெளுத்துவிடும். அதற்குப் பிறகு மற்ற ஏழு வேலைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

எந்தத் தளத்தில் வைப்பது?

பிஹான்ஸ்: அடோபி நிறுவனம் 2012-ல் வாங்கிய தளம். கணக்கு தொடங்கக் கட்டணம் இல்லை. நீளமாக ஸ்க்ரோல் செய்து பார்க்கும் வடிவம் என்பதால் கேஸ் ஸ்டடிக்குப் பொருந்தும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுவே எளிது.

டிரிபிள்: சின்னச் சின்னப் படங்களாகப் பகிரும் பழக்கத்தில் வளர்ந்த தளம். ஆப் திரை, ஐகான், இல்லஸ்ட்ரேஷன் செய்பவர்கள் அதிகம். கண்ணைக் கவரும், ஆனால் யோசனையை விளக்க இடம் குறைவு.

இன்ஸ்டாகிராம்: நேரடியாக கிளையன்ட் தேடுபவர்களுக்கு உதவும். ஓவியம், எழுத்துக்கலை, கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்பவர்களுக்கு இங்கிருந்தே ஆர்டர் வரலாம். ஆனால் போன வருஷம் போட்ட நல்ல வேலை கீழே எங்கேயோ புதைந்துவிடும். இதை வாசலாக வைத்துக்கொள்ளலாம், வீடு வேறெங்காவது இருக்கட்டும்.

சொந்த வெப்சைட்: வரிசை, தோற்றம், எழுத்துரு எல்லாம் உங்கள் கையில். அடோபியின் பல சந்தாத் திட்டங்களோடு 'அடோபி போர்ட்ஃபோலியோ' சேர்ந்தே வருகிறது. விக்ஸ், வேர்ட்பிரஸ், கூகுள் சைட்ஸ் போன்றவற்றில் இலவசமாகவே தொடங்கலாம். கோடிங் கொஞ்சம் தெரிந்தால் கிட்ஹப் பேஜஸில் செலவில்லாமல் ஏற்றலாம். டாட் இன் என்று முடியும் சொந்த முகவரிக்கு வருஷத்துக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆகும். முதல் வருஷம் குறைவாகக் காட்டிவிட்டு, புதுப்பிக்கும்போது கூட்டுவது உண்டு. வாங்கும் முன் அந்தத் தொகையையும் பார்த்துக்கொள்ளணும்.

பி.டி.எஃப்.: இதை ஒதுக்கிவிட வேண்டாம். சில நிறுவனங்கள் இன்னமும் மெயிலில் பி.டி.எஃப். கேட்கின்றன. ஜிமெயிலில் 25 எம்.பி. வரைதான் இணைக்க முடியும். அதற்கும் வெகு கீழே, சில எம்.பி.க்குள் முடிப்பது நல்லது.

நான்கு இடத்திலும் அரைகுறையாக இருப்பதைவிட ஒரே இடத்தில் ஒழுங்காக இருப்பது போதும்.

தமிழ் எழுத்தில் கவனிக்க வேண்டியது என்ன?

தமிழ்நாட்டு டிசைனர்களுக்குத் தனிப் பலம் ஒன்று உண்டு. தமிழ், ஆங்கிலம் இரண்டையும் ஒரே பக்கத்தில் அழகாக உட்கார வைக்கத் தெரிந்தவர்களை விளம்பர நிறுவனங்களும் ஆப் நிறுவனங்களும் தேடுகின்றன. அந்தத் திறமை இருந்தால் போர்ட்ஃபோலியோவில் அது முதலிலேயே தெரியணும்.

ஆனால் தவறுகளும் இங்கேதான் அதிகம். போட்டோஷாப்பில் யூனிகோடு தமிழைத் தட்டச்சு செய்யும்போது கொம்பும் காலும் இடம் மாறி, 'கொ' என்பது பிய்ந்து நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். சில பதிப்புகளில், ப்ரிஃபரன்சஸ் பகுதியில் டைப் என்பதற்குள் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இது சரியாகும். பழைய பதிப்புகளில் இதே அமைப்பு வேறு பெயரில், தெற்காசிய மொழிகளுக்கானது என்று இருக்கும். பிய்ந்த எழுத்தோடு ஒரு போஸ்டர் போர்ட்ஃபோலியோவில் இருந்தால், தமிழ் தெரிந்தவர் கண்ணில் வேறு எதுவும் படாது.

அச்சகங்களில் புழங்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் யூனிகோடு அல்ல. அதில் அடித்த வரியை அப்படியே வெப்சைட்டில் ஒட்டினால் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவிகளால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஹிந்த் மதுரை, முக்தா மலர், பலூ தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பவை. எழுத்துருவை நீங்களே உருவாக்காத பட்சத்தில், அதன் பெயரைக் குறிப்பிட்டுவிடுவது மரியாதை.

கம்ப்யூட்டரில் அழகு, போனில் அலங்கோலம் - ஏன்?

அச்சு வேலைக்கான ஃபைல் பெரும்பாலும் சி.எம்.ஒய்.கே. நிறத்தில் இருக்கும். திரை காட்டுவது ஆர்.ஜி.பி. நிறம். அச்சு ஃபைலை மாற்றாமல் ஏற்றினால், பார்த்துப் பார்த்து வைத்த மஞ்சள் வேறு மாதிரி தெரியலாம். எக்ஸ்போர்ட் செய்யும்போது எஸ்.ஆர்.ஜி.பி. என்று மாற்றி, ஒருமுறை போனில் திறந்து பார்த்துவிடணும்.

படத்தின் அளவும் அப்படித்தான். பிரிண்டுக்கான முழு ஃபைலை ஏற்றினால் பக்கம் திறப்பதற்குள் பார்ப்பவர் போய்விடுவார். பெரும்பாலான படங்களுக்கு 1,400 முதல் 2,000 பிக்சல் அகலம் போதும். போட்டோக்களுக்கு ஜேபெக், லோகோ மாதிரி தட்டையான நிறங்களுக்கு பி.என்.ஜி., வெப்சைட்டில் எடை குறைய வெப்-பி. பக்கம் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்பதை கூகுளின் 'பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ்' இலவசமாகச் சொல்லிவிடும்.

இன்னொரு விஷயம் பலருக்கும் தோன்றாது. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, குழந்தை பிறந்தநாள் பேனர் ஆகியவற்றில் நிஜமான மனிதர்களின் போன் நம்பர், வீட்டு முகவரி, முகம் எல்லாம் இருக்கும். போர்ட்ஃபோலியோவில் போடும் முன் அவற்றை மாற்றிவிடணும்.

ஆபீஸில் செய்த வேலையைப் போடலாமா?

இதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 17-வது பிரிவின்படி, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அந்த வேலையின் பகுதியாக உருவாக்கும் படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், நிறுவனமே முதல் உரிமையாளர். அதே சட்டத்தின் 57-வது பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: பதிப்புரிமையை மாற்றிக்கொடுத்த பிறகும், "இதை உருவாக்கியது நான்" என்று சொல்லும் உரிமை படைப்பாளிக்கு உண்டு.

ஆக, ஒரு வேலையைச் செய்தது நான் என்று சொல்வது வேறு, அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றுவது வேறு. இரண்டாவதுக்கு அனுமதி வாங்கிவிடுவது பாதுகாப்பு. "சார், வெளியான அந்த மூணு டிசைனை என் போர்ட்ஃபோலியோவுல, உங்க கம்பெனி பேரோட போட்டுக்கலாமா?" என்று மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ கேட்டு, பதிலைச் சேமித்து வைக்கலாம். வேலையை விட்டுப் போகும்போது கேட்பதைவிட, நல்ல உறவில் இருக்கும்போதே கேட்பது எளிது.

ஃப்ரீலான்ஸ் வேலை என்றால், பதிப்புரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருக்கணும் என்கிறது 19-வது பிரிவு. எனவே கொட்டேஷன் கொடுக்கும்போதே உரிமை யாருக்கு என்பதோடு, 'வேலை வெளியான பிறகு போர்ட்ஃபோலியோவில் காட்டிக்கொள்வேன்' என்று ஒரு வரியையும் சேர்த்துவிடலாம்.

இன்னும் வெளிவராத வேலையைப் போடவே கூடாது. ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், பாஸ்வேர்டு போட்ட பக்கத்தில் வைத்தாலும் அது மீறல்தான். அந்த மாதிரி நேரத்தில் படத்தை விட்டுவிட்டு, அனுமதிக்கப்பட்ட அளவுக்கு உங்கள் பங்கை மட்டும் எழுத்தில் சொல்லலாம்.

குழுவாகச் செய்தது, ஏ.ஐ. உதவியில் செய்தது?

ஐந்து பேர் சேர்ந்து செய்த வேலையை ஒருவர் தன்னுடையது என்று போட்டால், மற்ற நால்வரில் ஒருவர் அதே கம்பெனிக்கு விண்ணப்பித்திருக்க வாய்ப்பு உண்டு. இரண்டு பேர் போர்ட்ஃபோலியோவிலும் ஒரே போஸ்டர் இருந்தால் என்ன ஆகும்? "கான்செப்ட் குழுவுடையது, இல்லஸ்ட்ரேஷன் நான்" என்று எழுதுவதால் மதிப்பு குறையாது. சேர்ந்து வேலை செய்யத் தெரிந்தவர் என்பதற்கு அதுவே சாட்சி.

மிட்ஜர்னி, ஃபயர்ஃபிளை போன்ற ஏ.ஐ. கருவிகளில் உருவாக்கிய படம் என்றால் அதையும் சொல்லிவிடணும். கருவியைப் பயன்படுத்துவது தப்பில்லை. ஆனால் கையால் வரைந்தது என்று நம்பி வேலைக்கு எடுத்தவர், முதல் வாரத்திலேயே "இதை வரைந்து கொடுங்க" என்று பென்சிலைக் கொடுக்கும்போது என்ன செய்வது?

அனுப்பும் முன் ஒருமுறை பாருங்க

* லிங்க்கை வேறு ஒருவர் போனில், உங்கள் கணக்கில் லாகின் செய்யாமல் திறந்து பாருங்கள். ஃபிக்மா, டிரைவ் லிங்க் என்றால் 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்று இருக்கணும்.

* உங்கள் பெயர், ஊர், என்ன வகை டிசைனர் என்பது முதல் திரையிலேயே தெரிகிறதா? "கனவுகளுக்கு வண்ணம் பூசுபவன்" என்பதைவிட "பேக்கேஜிங் டிசைனர், சிவகாசி" என்பது பயன்படும்.

* மெயில் ஐ.டி. எளிதில் கண்ணில் படுகிறதா? பள்ளி நாளில் விளையாட்டாக வைத்த ஐ.டி.யாக இருந்தால் புதிதாக ஒன்று தொடங்கிவிடுங்கள்.

* எழுத்துப்பிழை இருக்கிறதா என்று டிசைன் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். புரியாத இடத்தையும் அவரே காட்டிவிடுவார்.

* விண்ணப்பிக்கும் நிறுவனம் ஆப் செய்கிறது என்றால் ஆப் வேலையை மேலே நகர்த்துங்கள். எல்லோருக்கும் ஒரே வரிசை என்று இல்லை.

* மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு புது வேலையைச் சேர்த்து, பலவீனமான ஒன்றை எடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் செய்தால் உடனே வேலை கிடைத்துவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் அச்சகத்தில் இன்றைக்கு ஒரு வேலை முடியும்போதே அதன் நல்ல போட்டோ ஒன்று, முதல் கிறுக்கல், என்ன பிரச்சனையைத் தீர்த்தோம் என்று நான்கு வரி ஆகியவற்றை ஒரு ஃபோல்டரில் போட்டு வைக்க ஆரம்பிக்கலாம். ஆறு மாதம் கழித்து "லிங்க் அனுப்புங்க" என்ற மெசேஜ் வரும்போது, அந்த டிசைனர் போன் கேலரியைத் தேட வேண்டியிருக்காது. காலண்டரின் அடியில் வராத பெயர், அந்தப் பக்கத்தின் மேலேயே இருக்கும்.